ஆறாம் படிவம் படிக்காத பட்டதாரி

எங்கள் ஊர்ப் பட்டதாரிகள் சங்கத்தில் சேர என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம், முன்மொழிய ஓர் உறுப்பினர், வழிமொழிய ஓர் உறுப்பினர், செயற்குழுவோடு ஒரு நேர்காணல், ஆண்டுச் சந்தா. விதிகளில் இருப்பது அவ்வளவுதான். விதிகளில் இல்லாத ஒன்றும் உண்டு என்பது நேர்காணலுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் இருப்பது ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில். வேலை சிங்கப்பூரில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். முதலில் லைனில் உட்கார்ந்து சிப் ஒட்டினேன். இப்போது தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறி, சிங்கப்பூர் எல்லைப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய், அதே நெரிசலில் ஊர்ந்து திரும்புகிற வாழ்க்கை. படிப்பை ஐந்தாம் படிவத்தோடு விட்டேன். அப்போது எங்கள் குடும்பம் பெக்கோக் பக்கம் தோட்டத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஆறாம் படிவம் படிக்க சிகாமட் டவுனுக்குப் போக வேண்டும். தினமும் போய்வர வழியில்லை. வேலைக்குப் போனேன். இதைச் சொன்னதும் உச்சுக்கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, சம்பளம் அதைவிடப் பிடித்திருந்தது. படிப்பு மட்டும் உள்ளே எங்கேயோ நமைத்துக்கொண்டே இருந்தது.

நாற்பது தாண்டிய பிறகு அந்த நமைச்சலைச் சொறிந்துகொள்ள ஒரு வழி கிடைத்தது. வேலை அனுபவத்தையே தகுதியாக ஏற்றுக்கொண்டு பட்டப்படிப்பில் சேர்க்கும் முறை நம் மலேசியாவில் இருக்கிறது. இத்தனை வருடம் என்ன செய்தாய், அதில் என்ன கற்றாய் என்று எழுதிக் காட்ட வேண்டும். பிறகு தேர்வு வைப்பார்கள். எழுதினேன், தேறினேன். வார இறுதிகளில் வகுப்பு, மற்ற நாள்களில் பஸ்ஸில் படிப்பு. பாலத்தில் வண்டி நிற்க நிற்க எனக்கு நல்லது. எல்லாரும் குடிநுழைவு வரிசையைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நான் ஓர் அத்தியாயத்தை முடித்திருப்பேன். மேலாண்மையில் பட்டம் வாங்கினேன். பட்டமளிப்பன்று என் வீட்டுக்காரர், தம்போயில் கார் பட்டறை வைத்திருப்பவர், நகத்தில் ஒட்டிய கிரீஸ் போகாத கையால் என் தொப்பியை நிமிர்த்திவிட்டு, "பட்டதாரியம்மா, இனிமே சமையல் யாரு?" என்றார். "பட்டதாரியோட புருஷன்" என்றேன்.

இனி சங்கத்தைப் பற்றி. ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அவர்கள் அலுவலகம். ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கு நடத்துவார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். என் மகளும் அங்கே படித்தவள்தான். அவளைக் கொண்டுபோய் விடப் போனவள், சும்மா உட்கார முடியாமல் நாற்காலி அடுக்கினேன். அடுத்த ஆண்டு தேங்காய்ப்பால் சோற்றில் நாசி லெமாக் செய்து பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அப்படியே வருடங்கள் ஓடின. "அக்கா இல்லாட்டி செமினார் நடக்காது லா" என்று எல்லாரும் சொல்வார்கள். ஆண்டு விருந்துக்கும் கூப்பிடுவார்கள். சமையலறைக் கதவை ஒட்டிய மேசையில் எனக்கு இடம் இருக்கும், சாம்பார் தீர்ந்தால் சட்டென்று எழுந்து போக வசதியாக.

மற்ற மேசைகளில் அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். எந்த யூனி, எந்த பேட்ச், எந்த விடுதி என்று ஒருவரை ஒருவர் விசாரித்து, உடனே தோளில் தட்டிக்கொள்வார்கள். அந்த மேசையில் உட்கார வேண்டும், என்னிடமும் யாராவது அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அற்ப ஆசை என்று யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பட்டச் சுருள் கைக்கு வந்த அதே மாதம் விண்ணப்பித்தேன். சங்கத்தின் செயலாளர் இளம் பெண், பள்ளி ஆசிரியை, அவளே முன்மொழிந்தாள்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் ஒரு டத்தோ, அதாவது சுல்தானிடம் விருது பெற்றவர், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். மற்ற இருவரும் பொருளாளரும் செயலாளரும். டத்தோ என் சான்றிதழைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஆறாம் படிவத் தேர்வைப் பற்றிக் கேட்டார்:

"எஸ்.டி.பி.எம். எங்க எடுத்தீங்க?"

"எடுக்கல டத்தோ."

"அப்ப அதுக்குப் பதிலா மெட்ரிகுலேஷனா?"

"அதுவும் இல்ல."

"டிப்ளோமா ஏதாச்சும்?"

"இல்ல டத்தோ. வேல அனுபவத்த வச்சு எடுத்துக்கிட்டாங்க. டெஸ்ட் வச்சாங்க, பாஸ் பண்ணேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நாங்கல்லாம் ஆறாம் படிவத்துல முட்டி மோதி, ஒரு சீட்டுக்காக நாயா அலஞ்சு உள்ள போனவங்க. நல்ல மார்க் எடுத்தும் இடம் கிடைக்காம அழுத பிள்ளைங்க எத்தன பேரு. அதெல்லாம் தாண்டி வந்தவங்களுக்குன்னு ஆரம்பிச்ச சங்கம் இது."

"விதியில பட்டம்னுதான டத்தோ போட்டிருக்கு? எஸ்.டி.பி.எம்.னு போடலயே?"

"எழுதாட்டியும் அதான் அர்த்தம்."

எழுதாததற்கெல்லாம் அர்த்தம் சொல்லக்கூடியவரிடம் நான் என்ன பேசுவது? அவரே ஒரு வழியும் சொன்னார். துணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்களாம். கருத்தரங்கு, விருந்து எல்லாவற்றுக்கும் வரலாம். வாக்கு மட்டும் கிடையாது, பதவியும் கிடையாது.

"அதத்தான இவ்வளவு நாளா செஞ்சிக்கிட்டு இருக்கேன்? அதுக்கு எதுக்கு டத்தோ நேர்காணல்?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். படிகளை ஆத்திரத்தோடு தடதடவென்று இறங்கினேன். சாலையோரம் நின்று ஒரு மூச்சு அழுதேன். பிறகு அந்த அழுகை மேலேயே கோபம் வந்தது.

செயலாளர்ப் பெண் அன்று மாலையே அழைத்தாள். செயற்குழு மறுத்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முறையிட விதி இருக்கிறது என்றாள். "போட்டுடு தங்கச்சி" என்றேன்.

பொதுக்கூட்டத்துக்கு முன்னால் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு உறுப்பினர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பட்டச் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்து, மண்டபத்தில் அம்மன் முன்னால் இருக்கும் படிகளில் அடுக்குவார்கள். ஐயர் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பார். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டுவிட்டு, பட்டத்தையும் கேட்பார். "பி.எஸ்சி., ரோகிணி நட்சத்திரம்" என்று மைக்கில் ஒலிக்கும்போது வெளியூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரிந்ததில்லை. ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிறார். அவரவர் பிழைப்பு அவரவருக்குச் சாமி. பக்கத்தில் தாழ்வாக ஒரு மேசை போட்டிருப்பார்கள். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் துணை உறுப்பினர்களின் சான்றிதழ்களும் அதில்.

நான் என் சான்றிதழைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன், எல்லாருக்கும் முன்னால். ஐயர் அப்போதுதான் குங்குமம் குழைத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு எங்கள் விதியெல்லாம் தெரியுமா என்ன, வாங்கினார், பொட்டு வைத்தார், முதல் படியில் நடுவில் சாய்த்து நிறுத்தினார். சற்று நேரத்தில் பொருளாளர் வந்தார். பார்த்தார். என் பக்கத்தில் வந்து குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்:

"கா, அது அந்த மேசையில லா வைக்கணும்."

"அப்படியா? அப்ப எடுத்து வைங்க தம்பி."

அவர் கையை நீட்டி, குங்குமத்தைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டார். சரஸ்வதி பூஜையில் வைத்த பொருளை மறுநாள் பூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. அது ஜொகூரில் உள்ள எந்தக் குழந்தைக்கும் தெரியும். அன்று ஒரு நாள் புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை என்பதால் குழந்தைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் முதல் ஆளாகப் போனேன்.

டத்தோ வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. முதல் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் சான்றிதழை அதற்குப் பக்கத்தில் வைத்தார். வேறு இடம் இல்லை. ஐயர் என்னிடம் பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார், பட்டம் கேட்டார். மைக் தேவைப்படாத குரலில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "சாமிக்குக் காது கேக்கும், மெதுவா சொல்லு" என்றார். சாமிக்காகவா நான் கத்தினேன்?

பூஜையில் ஜெயித்தால் பொதுக்கூட்டத்திலும் ஜெயித்துவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது உண்மை. பார்வையாளராகக் கடைசி வரிசையில் உட்காரலாம், பேசக் கூடாது என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். செயலாளர் எனக்காகப் பேசினாள், நன்றாகவே பேசினாள். டத்தோ எழுந்து, "அக்கா மேல நம்ம எல்லாருக்கும் எவ்வளவு மரியாதன்னு அவங்களுக்கே தெரியும். ஆனா இது ஆளப் பத்தின விஷயம் இல்ல, தரத்தப் பத்தின விஷயம்" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். என் நாசி லெமாக்கை எத்தனையோ ஆண்டு சாப்பிட்டவர்கள் அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் எதையோ தேடினார்கள். எனக்காகத் தூக்கிய கைகள் மிகவும் குறைவு. முறையீடு தள்ளுபடி.

கூட்டம் முடிந்து சாப்பாடு. அன்று நான் பரிமாறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கென்று ஒரு தட்டு எடுத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒருவர் பழக்கத்தில் நேராக என்னிடம் வந்து, "கா, சம்பல் முடிஞ்சிருச்சு" என்றார்.

"ஆமா, முடிஞ்சிருச்சு" என்றேன். அவர் தட்டோடு திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பித்தேன். அதே பட்டம், அதே முன்மொழிவு, அதே மறுப்பு. "இவங்களுக்கு வேற வேல இல்லயா?" என்று யாரோ கேட்டதாகக் காதுக்கு வந்தது. வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறேன். இதற்கிடையில் முதுகலையும் படிக்கத் தொடங்கினேன். சங்கத்துக்காக இல்லை, பாலத்து நெரிசலில் கையில் புத்தகம் இல்லாமல் இருக்க முடியவில்லை. டத்தோ படித்த அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். என் இளங்கலைச் சான்றிதழைப் பார்த்தார்கள், இடம் கொடுத்தார்கள். எஸ்.டி.பி.எம். எங்கே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் படிப்பது இப்போது நான் மட்டும் இல்லை. என் லைனில் வேலை செய்கிற ஒருத்தி, பெக்கான் நானாஸ் பெண், தம்போயில் வாடகை வீட்டில் இருப்பவள். ஐந்தாம் படிவத்தோடு நின்றவள்தான் அவளும். என் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் வருமா கா?" என்று ஒரு நாள் கேட்டாள். "எனக்கே வந்துச்சே" என்றேன். அதே வழியில் சேர்ந்தாள். காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை முணுமுணுப்பாள். புரியாத இடத்தில் என் விலாவில் இடிப்பாள். நான் அவளுக்கு ஆசிரியை இல்லை. அவளுடைய கணக்கியல் எனக்குச் சுத்தமாகப் புரியாது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை, அவ்வளவுதான்.

முதுகலைப் பட்டமளிப்புப் படத்தை என் வீட்டுக்காரர் வாட்சாப் ஸ்டேட்டஸில் போட்டார். டத்தோவின் காரைப் பார்ப்பது எங்கள் பட்டறைதான். அவர் எண் இவரிடமும் இவர் எண் அவரிடமும் உண்டு. அது எங்கே போய் முடியும் என்று நான் யோசிக்கவில்லை. சில வாரம் கழித்துக் காலையில் பஸ் பாலத்தில் நின்றுகொண்டிருந்தபோது செயலாளர் அழைத்தாள். அந்நேரத்துக்கு அழைத்தால் கெட்ட செய்தி என்று பதறி எடுத்தேன்.

"கா! கெடச்சிருச்சு கா! ஃபுல் மெம்பர்! நேத்து மீட்டிங்ல ஒருத்தர்கூட எதுக்கல!"

நான் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த பஸ் முழுக்க எழுந்துவிட்டது. "அலமாக், என்னாச்சு?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"எப்படி தங்கச்சி மனசு மாறினாங்க?"

"உங்க மாஸ்டர்ஸ் இருக்குல்ல கா! டத்தோவே சொன்னாரு, மாஸ்டர்ஸ் உள்ளவங்கள நிறுத்தி வைக்க முடியாதுன்னு."

"நான் அத விண்ணப்பத்துல எழுதவே இல்லயே. டிகிரி மட்டுந்தான போட்டேன்?"

"அவரே சேத்து எழுதிட்டாரு. எதுவா இருந்தா என்ன கா, கெடச்சிருச்சுல்ல?"

கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் என் கையை விட்டுவிட்டாள். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அப்ப நானும் மாஸ்டர்ஸ் வரைக்கும் முடிச்சாத்தான் பட்டதாரியா கா?"

கைப்பேசியை அணைத்தேன். வண்டி நகர்ந்தது. அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை சங்க அலுவலகத்துக்குப் போனேன். டத்தோ எழுந்து நின்று வரவேற்றார், கை கொடுத்தார். இத்தனை ஆண்டில் அவர் எனக்காக எழுந்தது அதுவே முதல் தடவை. மேசைமேல் உறுப்பினர் அட்டை இருந்தது. என் படம், என் பெயர், பெயருக்குப் பின்னால் முதுகலை. அழகாகத்தான் இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கை பரபரத்தது.

"கையெழுத்து போட்டு எடுத்துக்குங்கம்மா. பழசெல்லாம் மறந்துருவோம்."

"டத்தோ, மாஸ்டர்ஸ்க்கு எனக்கு எதப் பாத்து எடம் குடுத்தாங்க?"

"டிகிரியப் பாத்து."

"அந்த டிகிரி இங்க செல்லாதுன்னா, அது மேல வாங்கினது மட்டும் எப்படி செல்லும்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படவில்லை. "இப்பயும் வாதாடறீங்க. சரி, நான் சொல்றத கேளுங்க. விதி தப்புன்னா உள்ள வந்து மாத்துங்க. ஓட்டு இருக்கு, மைக் இருக்கு. வெளிய நின்னு கத்தி என்ன ஆகப் போவுது?"

அது நல்ல வாதம். வழக்கறிஞர் அல்லவா. ஒரு கணம் நான் ஆடித்தான் போனேன். அட்டையைக் கையில் எடுத்தும்விட்டேன். உள்ளே வந்து, அந்த மேசையில் உட்கார்ந்து, எந்த யூனி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, மெல்ல மெல்ல விதியை மாற்றலாம்தான். ஆனால் அடுத்து ஐந்தாம் படிவத்தோடு நின்ற ஒருத்தி படியேறி வரும்போது இவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குக் காதில் கேட்டது.

"உள்ள வந்துட்டா, என்னையே காட்டி மத்தவங்கள நிறுத்துவீங்க டத்தோ. அக்காவே மாஸ்டர்ஸ் முடிச்சுட்டுத்தான் வந்தாங்க, நீயும் முடிச்சுட்டு வாம்பீங்க."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன். அட்டையை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். பிளாஸ்டிக் அட்டைதான், ஆனாலும் கையைவிட்டு லேசில் போகவில்லை.

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றார்.

"விண்ணப்பத் தாள் ரெண்டு குடுங்க."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு, டிகிரிய மட்டும் போட்டு. இன்னொன்னு என் பக்கத்து சீட்டுக்காரிக்கு. அடுத்த வருஷம் அவ முடிச்சிருவா."